எந்த மதிப்பை எப்போது பூட்டுவது?

(லினக்ஸ் கர்னல் டிரேசிங் பற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சர்வர்களைப் பராமரிப்பவர்கள், சிஸ்டம் நிரல் எழுதுபவர்கள், கல்லூரியில் ஆபரேட்டிங் சிஸ்டம் பாடம் படிப்பவர்கள் என்று மூன்று தரப்பினரும் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். மூன்று தரப்புக்கும் வேண்டிய ஒரு விஷயத்தைத்தான் இன்று பேசப்போகிறேன். கர்னலுக்குள் ஓடுகிற ஒரு டிரேசிங் நிரலிடம் ‘இந்த ஒரு பிராசஸை மட்டும் கவனி’, ‘10 மில்லி செகண்டுக்கு மேல் இழுத்தால் மட்டும் சொல்’ என்று எப்படிச் சொல்வது? அந்த எண்களை நிரலுக்குள்ளேயே எழுதிவிடுவதா? அல்லது ஓடும் நேரத்தில் வெளியிலிருந்து கொடுப்பதா?

ஹார்ட்கோடு செய்வது பாவம் என்று முதல் வருடத்திலேயே நமக்குச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். எல்லாவற்றையும் வெளியிலிருந்து மாற்றும்படி வைப்பதுதான் நல்ல நிரலாக்கம் என்று அதிலிருந்து நாமே முடிவுகட்டிக்கொள்கிறோம். கர்னலுக்குள் போனால் இந்த இரண்டும் போதாது. ஒவ்வொரு மதிப்பும் நமக்குத் தெரியவருகிற நேரம் ஒன்று இருக்கிறது. அந்த நேரத்தில்தான் அதைப் பூட்ட வேண்டும். அதற்கு முன்னால் பூட்டினால் கருவி வளையாது. தேவையில்லாமல் பின்னால் தள்ளினால் கர்னல் செய்யக்கூடிய உதவியை நாமே தட்டிவிடுகிறோம். இன்று நான் சொல்ல வந்தது இதுதான்.

முதலில், கர்னலுக்குள்ளேயே ஏன் வடிகட்ட வேண்டும் என்று பார்ப்போம். ஒரு பிஸியான சர்வரில் ஃபைல் படிப்பது, எழுதுவது, சிபியூ ஒரு பிராசஸை விட்டு இன்னொன்றுக்கு மாறுவது எல்லாம் நொடிக்கு ஆயிரக்கணக்கில், சில சமயம் லட்சக்கணக்கில் நடக்கும். ஒவ்வொன்றையும் வெளியே அனுப்பி, அங்கே ஒரு நிரல் உட்கார்ந்து பொறுக்கிக்கொண்டிருந்தால், சர்வர் ஏன் மந்தம் என்று பார்க்கப் போன நாமே அதற்கு இன்னொரு சுமையாகிவிடுவோம். வேண்டாததை நிகழ்வு நடக்கும் இடத்திலேயே கழித்துவிட வேண்டும். கழிப்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். அந்த அளவுகோல் பயனரின் மனதில் இருக்கிறது, வேலை கர்னலுக்குள் நடக்கிறது. நடுவே இருக்கும் இடைவெளியை எப்படித் தாண்டுவது என்பதுதான் சிக்கல்.

இந்தச் சிக்கலுக்கு ஒரு நல்ல விடை 1992-இல் கிடைத்தது. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் ஸ்டீவன் மெக்கேனும் வான் ஜேகப்சனும் பிஎஸ்டி பாக்கெட் ஃபில்டர் என்ற அமைப்பைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். கர்னலுக்குள் ஒரு குட்டி மெய்நிகர் எந்திரத்தை வைத்து, பயனர் கேட்கும் பாக்கெட்டுகளை அங்கேயே தேர்ந்தெடுக்கும் அமைப்பு அது. இன்றும் நீங்கள் டிசிபிடம்ப் கட்டளையில் ‘போர்ட் 80’ என்று எழுதினால், பின்னால் இருக்கும் லிப்பிகேப் லைப்ரரி அதைச் சில கட்டளைகள் கொண்ட ஒரு நிரலாக மாற்றித் தருகிறது. மைனஸ் டி என்று சேர்த்துக் கொடுத்தால் அந்த நிரலைத் திரையில் காட்டும். அதில் ஒப்பிடும் கட்டளை ஒன்றுக்குள் பதினாறடிமான எண்முறையில் 50 என்று இருக்கும். அதுதான் உங்கள் 80.

அந்த 80 நிரலுக்குள்ளேயே பதிந்துவிட்டது, ஆக அது ஹார்ட்கோடுதான். ஆனால் அதில் ஒரு குறையும் இல்லை. நிரல் மிகச் சின்னது. கண்ணிமைக்கும் நேரத்தில் உருவாகிறது. கேள்வி மாறினால் நிரலையும் மாற்றிக்கொள்ளலாம், பழைய நிரலில் சேர்த்துவைத்த எதுவும் இல்லாததால் எதையும் இழப்பதில்லை. பயனர் கேள்வி கேட்கும் நேரமும் நிரல் பிறக்கும் நேரமும் அங்கே ஒன்றுதான். மதிப்பு தெரியவந்த அந்த நேரத்திலேயே பூட்டப்பட்டது.

அடுத்த கட்டம் 2014 டிசம்பர். லினக்ஸ் 3.18 கர்னலில், அந்த பாக்கெட் ஃபில்டரை விரித்து அலெக்ஸி ஸ்டாரோவாய்டோவ் முன்னின்று உருவாக்கிய ஈபிபிஎஃப், பிபிஎஃப் என்ற புதிய சிஸ்டம் கால் வழியாகப் பயனருக்குக் கிடைத்தது. 2015-இல் வந்த 4.1 கர்னலிலிருந்து, கர்னலின் ஃபங்ஷன்கள் மேல் இந்த நிரல்களைப் பொருத்தி டிரேசிங் செய்ய முடிந்தது. பாக்கெட்டுக்கு ஆம், இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்த எந்திரம் இப்போது நேரத்தைக் கணக்கிடவும், எண்ணிக்கையைச் சேர்த்துவைக்கவும், விவரத்தைத் திரட்டி வெளியே அனுப்பவும் கற்றுக்கொண்டது. நிரல் பெரிதானது. ஆனால் மதிப்புக் கொடுக்கும் பழக்கம் மட்டும் பழையபடியே தொடர்ந்தது.

இதைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். பிசிசி எனும் ஈபிபிஎஃப் கருவித் தொகுப்பில் எக்ஸ்ட்4ஸ்லோயர் என்று ஒரு கருவி இருக்கிறது. எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்தில் படிப்பது, எழுதுவது, திறப்பது, சிங்க் செய்வது ஆகியவற்றில் எது தாமதமாகிறது என்று காட்டும். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் 10 மில்லி செகண்டுக்கு மேற்பட்டதை மட்டும் காட்டும். ஒரு பிராசஸ் எண்ணையும் விரும்பினால் கொடுக்கலாம். வெளியே பைதான் நிரல். அதற்குள் ஒரு நீண்ட எழுத்துச் சரமாக, கர்னலுக்குள் போகவேண்டிய சி நிரல். அந்தச் சரத்தில் ‘ஃபில்டர்_பிஐடி’, ‘ஃபில்டர்_யுஎஸ்’ என்று இரண்டு காலியிடங்கள். பயனர் எண்ணைக் கொடுத்ததும் பைதான் அந்த இடங்களைத் தேடி, நிபந்தனையை எழுத்தாகவே நுழைக்கிறது. பிராசஸ் எண் கொடுக்காவிட்டால் ஒரு பூஜ்யத்தை வைக்கிறது. பிறகு முழு நிரலையும் கிளாங் கம்பைலர் அந்த சர்வரிலேயே கம்பைல் செய்கிறது.

பார்வைக்கு இது வெளியிலிருந்து மதிப்புக் கொடுப்பதுபோல் இருக்கும். உண்மையில் ஹார்ட்கோடு செய்வதைக் கையால் செய்யாமல் ஒரு ஸ்கிரிப்டிடம் ஒப்படைத்திருக்கிறோம், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் வேறு நல்ல வழி இல்லை. பிசிசி கருவிகள்தான் ஈபிபிஎஃப்பை உலகெங்கும் உள்ள சர்வர் அறைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன, அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. ஆனால் அதற்கு நாம் கொடுத்த விலையையும் எண்ணிப்பார்க்க வேண்டும். ஒவ்வொரு சர்வரிலும் எல்எல்விஎம் என்ற பெரிய லைப்ரரி வேண்டும். பெரும்பாலும் கர்னல் ஹெடர் ஃபைல்களும் ஓடும் கர்னலுக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும். ஏற்கெனவே மூச்சுத் திணறும் சர்வரில், நோய் என்ன என்று பார்ப்பதற்கு முன்பே ஒரு கம்பைலர் ஓடி சிபியூவையும் மெமரியையும் எடுத்துக்கொள்ளும். நிரலில் எழுத்துப்பிழை இருந்தால் அது எழுதியவரின் மேசையில் தெரியாது, நள்ளிரவில் சர்வருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரின் திரையில்தான் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, பயனர் கொடுக்கும் மதிப்பு நிரலின் எழுத்தாகவே மாறிவிடுகிறது. எண்ணாக இருந்தால் சரிபார்த்துவிடலாம். ஒரு பெயரையோ பாதையையோ இப்படி ஒட்டினால், அதில் இருக்கும் ஒரு மேற்கோள் குறி போதும், நிரலின் பொருளே மாறிவிடும். ரூட் அதிகாரத்தோடு கர்னலுக்குள் போகும் நிரலில் அப்படி ஒரு வாசலைத் திறந்துவைக்கக் கூடாது.

இதற்கு மறுமுனையில் இருப்பது மேப். கர்னல் நிரலும் வெளி நிரலும் இரண்டு பக்கத்திலிருந்தும் தொடக்கூடிய பொதுச் சேமிப்பு அது. ஒரே ஓர் இடம் கொண்ட அர்ரே மேப் ஒன்றை உருவாக்கி, பிராசஸ் எண்ணையும் நேர வரம்பையும் ஒரு ஸ்ட்ரக்சராக அதில் வைத்துவிடலாம். கர்னல் நிரல் ஒவ்வொரு நிகழ்விலும் அதை எடுத்துப் பார்த்து முடிவு செய்யும். வரம்பை 10-லிருந்து 50 ஆக்க வேண்டுமா? வெளியிலிருந்து மேப்பில் எழுதினால் போதும். நிரலை நிறுத்த வேண்டாம், சேர்த்துவைத்த கணக்கு எதுவும் போகாது. பிபிஎஃப்டூல் கட்டளையைக் கொண்டு கையாலேயே மாற்றிவிடலாம்.

இந்தச் சுதந்திரத்துக்கும் ஒரு விலை உண்டு. மேப்பில் இருப்பது எந்த நொடியிலும் மாறலாம் என்பதால், நிரலை ஏற்றும்போது சோதிக்கும் வெரிஃபையருக்கு அந்த எண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாது. நீங்கள் அதை ஒரு நகலெடுக்கும் அளவாகவோ லூப்பின் எல்லையாகவோ பயன்படுத்தினால், ‘இது எல்லை தாண்டாது என்பதற்கு என்ன உத்தரவாதம்?’ என்று கேட்டு நிரலைத் திருப்பி அனுப்பிவிடும். நீங்கள் தனியாகச் சோதனை எழுத வேண்டும். பயனர் அந்த வசதியைக் கேட்கவே இல்லை என்றாலும், ஒவ்வொரு நிகழ்விலும் ‘கேட்டாரா, இல்லையா’ என்ற கேள்வி ஓடிக்கொண்டே இருக்கும்.

நம் தேவையை நிதானமாகப் பார்த்தால் ஒன்று புலப்படும். எக்ஸ்ட்4ஸ்லோயரை ஓட்டுபவர் கட்டளையைத் தட்டும்போதே பிராசஸ் எண்ணைச் சொல்லிவிடுகிறார். கருவி ஓடி முடியும்வரை அதை மாற்றுவதில்லை. நிரலை எழுதியவருக்கு அந்த எண் தெரியாது, ஆனால் நிரலை ஏற்றும்போது தெரியும், அதற்குப் பிறகு மாறாது. கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்தமும் மண்டபமும் அச்சகத்திலேயே ஏறிவிடுகின்றன, யாருக்கு என்ற பெயரை மட்டும் கொடுக்கக் கிளம்பும்முன் உறைமேல் எழுதிக்கொள்கிறோம் அல்லவா, அதுபோல. அந்தப் பெயருக்காக யாரும் பத்திரிகையைத் திரும்ப அச்சடிப்பதில்லை.

இந்த நடு இடம் 2019-இல் லினக்ஸ் 5.2 கர்னலோடு திறந்தது. அதில் டேனியல் போர்க்மன் குளோபல் மாறிகளுக்கான ஆதரவைக் கொண்டுவந்தார். மேப்பை உறையவைக்கும் வசதியும் அதே பதிப்பில் வந்தது. இப்போது சி நிரலில் ‘கான்ஸ்ட் வாலடைல்’ என்று போட்டு ஒரு மாறியை அறிவிக்கிறோம். கான்ஸ்ட் என்பதால் அது ரோடேட்டா எனும் படிக்க மட்டுமான பகுதிக்குப் போகிறது. வாலடைல் என்பதால், ‘ஆரம்ப மதிப்பு பூஜ்யம்தானே’ என்று கம்பைலர் தானாக முடிவெடுத்து அந்த நிபந்தனையைத் தூக்கியெறியாமல் இருக்கிறது. நிரல் ஒரே தடவை, எழுதியவரின் இடத்தில் கம்பைல் ஆகிறது. பயனரின் சர்வரில் லிப்பிபிஎஃப் லைப்ரரி அதை மூன்று படியாகக் கையாள்கிறது: திறப்பது, ஏற்றுவது, பொருத்துவது. திறந்ததற்கும் ஏற்றுவதற்கும் நடுவில் நம் எண்ணை எழுதிவிடுகிறோம். ஏற்றும்போது அந்தப் பகுதி உறைந்துவிடுகிறது. அதன்பின் ரூட் பயனர் நினைத்தாலும் அதை மாற்ற முடியாது.

உறைந்த மதிப்பை வெரிஃபையர் நம்பலாம். ஆண்ட்ரீ நாக்ரைகோ 2019 அக்டோபரில் சேர்த்த மாற்றத்துக்குப் பிறகு, உறைந்த மேப்பில் இருக்கும் எண்ணை வெரிஃபையர் அறிந்த எண்ணாகவே எடுத்துக்கொள்கிறது. ‘பிராசஸ் எண் கொடுக்கப்பட்டிருக்கிறதா? அப்படியானால் ஒப்பிடு’ என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், பயனர் எதுவும் கொடுக்கவில்லை, மாறியில் பூஜ்யம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெரிஃபையர் அந்த நிபந்தனை ஒருநாளும் நிறைவேறாது என்று கண்டுபிடித்து, அதற்குள் இருக்கும் கட்டளைகளையே வெட்டி எறிந்துவிடும். பயனர் கேட்காத வசதிக்கு ஓடும்போது கிட்டத்தட்ட செலவே கிடையாது. நீங்கள் ஹார்ட்கோடு செய்திருந்தால் என்ன வேகம் கிடைத்திருக்குமோ ஏறக்குறைய அதே வேகம் கிடைக்கிறது, பயனரின் விருப்பமும் நிறைவேறுகிறது. லூப்பின் எல்லையாக அந்த எண்ணை வைத்தாலும், எல்லை தெரியவில்லை என்று வெரிஃபையர் மறுக்காது.

எக்ஸ்ட்4ஸ்லோயர் கருவியும் இந்த வழியில் மறுபடி எழுதப்பட்டது. அதில் இப்போது எழுத்தை வெட்டி ஒட்டும் வேலையே இல்லை. பிராசஸ் எண்ணுக்கு ஒரு மாறி, குறைந்தபட்சத் தாமதத்துக்கு ஒரு மாறி. பயனர் மில்லி செகண்டில் சொல்கிறார், கர்னலின் கடிகாரம் நானோ செகண்டில் பேசுகிறது. 10 மில்லி செகண்ட் என்றால் 1,00,00,000 நானோ செகண்ட். அந்தப் பெருக்கலை வெளி நிரல் ஒரே தடவை போட்டுவிட்டு, விடையை மட்டும் உள்ளே அனுப்புகிறது. நொடிக்கு ஆயிரக்கணக்கில் ஓடும் இடத்தில் செய்ய வேண்டிய வேலையையும் ஒரு தடவை செய்தால் போதும் என்ற வேலையையும் பிரித்துவைக்கத் தெரிந்தவர் எழுதிய நிரல் அது.

இந்த வழியில் போகிறவர்கள் மூன்று இடங்களில் கவனமாக இருக்க வேண்டும்.

முதலாவது, ‘எதுவும் கொடுக்கவில்லை’ என்பதை எந்த எண்ணால் குறிப்பது? பிராசஸ் எண்ணுக்குப் பூஜ்யம் ஒத்துவரும், ஏனென்றால் பூஜ்ய எண் கர்னலின் ஐடில் வேலைக்கு உரியது, அதை யாரும் ஃபைல் திறக்கிறதா என்று தேடப்போவதில்லை. ஆனால் பயனர் எண்ணுக்குப் பூஜ்யம் என்றால் ரூட். ரூட் திறக்கும் ஃபைல்களை மட்டும் காட்டு என்று ஒருவர் கேட்கும்போது உங்கள் கருவி எல்லாருடையதையும் கொட்டினால் அது பொய் சொல்கிறது என்று பொருள். அதனால்தான் ஃபைல் திறப்பதைக் காட்டும் ஓப்பன்ஸ்னூப் கருவியில் பயனர் எண் கொடுக்காததைக் குறிக்க மைனஸ் ஒன்றை வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, வரிசை. மேப் வழியாக மதிப்புக் கொடுப்பவர்கள் நிரலைப் பொருத்திவிட்டு அதன்பின் மேப்பை நிரப்பினால், இடைப்பட்ட நேரத்தில் நடந்த நிகழ்வுகள் காலி அளவுகோலோடு ஒப்பிடப்படும். வேண்டாதது உள்ளே வரும், அல்லது வேண்டியது விட்டுப்போகும். முதலில் நிரப்பு, பிறகு பொருத்து. அதேபோல், ஓடும்போது இரண்டு மதிப்புகளைச் சேர்த்து மாற்ற வேண்டியிருந்தால், புதிய பிராசஸ் எண்ணும் பழைய வரம்புமாக ஓர் அரைகுறை நிலையை வேறொரு சிபியூ பார்த்துவிட வாய்ப்பு உண்டு. அதைத் தவிர்க்க மேப்புக்குள் மேப் வைக்கலாம். உள் மேப்பை முழுதாகத் தயார்செய்துவிட்டு, வெளி மேப்பில் ஒரே அடியாக மாற்றிவிடலாம்.

மூன்றாவது, மதிப்பின் பொருள் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். கன்டெய்னருக்குள் இருப்பவர் தன் பிராசஸ் எண் 7 என்று பார்க்கிறார். கர்னல் நிரல் வழக்கமாகக் கேட்டுப்பெறும் எண்ணோ ஹோஸ்ட்டின் பார்வையில் உள்ளது, அது வேறாக இருக்கும். 7 என்று கொடுத்துவிட்டு ஒன்றும் வரவில்லையே என்று தேடிக்கொண்டிருப்பார். பெயர்வெளியை அறிந்து எண்ணைச் சொல்லும் ஹெல்பர் ஃபங்ஷன் 5.7 கர்னலில் வந்தது. அதைப் பயன்படுத்துங்கள், அல்லது வெளியிலேயே எண்ணை மாற்றிக் கொடுங்கள்.

இன்னொரு வகைத் தேவையும் உண்டு. ஒரே நிரலை இருபது ஃபங்ஷன்களில் பொருத்த வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு வேறு. இருபது நகல் எடுப்பதா? 2021-இல் 5.15 கர்னலில் இதற்காக அட்டாச் குக்கி வந்தது. ஒவ்வோர் இடத்திலும் பொருத்தும்போது 64 பிட் எண் ஒன்றைக் கூடவே கொடுத்துவிடலாம். நிரல் ஓடும்போது ‘எந்த இடத்திலிருந்து கூப்பிட்டார்கள்’ என்று அந்த எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும். ஏற்றும் நேரத்தில் தெரியாமல், பொருத்தும் நேரத்தில் தெரியவரும் மதிப்புக்கு அதற்கேற்ற இடம் கிடைத்துவிட்டது.

பயனர் கொடுக்கும் எண்ணோடு இந்தக் கொள்கை நின்றுவிடவில்லை. டிரேசிங் நிரல்களில் நெடுநாள் தலைவலியாக இருந்த ஹார்ட்கோடு, கர்னலின் ஸ்ட்ரக்சர்களுக்குள் எந்த ஃபீல்டு எத்தனையாவது பைட்டில் இருக்கிறது என்பதுதான். ஒரு கர்னலில் ஓரிடம், அடுத்த பதிப்பில் வேறிடம். ஒவ்வொரு சர்வரிலும் ஹெடர் ஃபைல்களை வைத்துக் கம்பைல் செய்ததற்கு முக்கியக் காரணம் அதுவே. இன்று கர்னல் தன் ஸ்ட்ரக்சர்களின் விவரத்தை பிடிஎஃப் என்ற வடிவில் தானே வைத்திருக்கிறது. நிரல் ‘இந்தப் பெயருள்ள ஃபீல்டு’ என்று மட்டும் குறித்துவைக்கிறது. ஏற்றும் நேரத்தில் லிப்பிபிஎஃப் இரண்டையும் ஒப்பிட்டுச் சரியான பைட் எண்ணை நிரலுக்குள் எழுதிவிடுகிறது. ஒருமுறை கம்பைல் செய்து பல கர்னல்களில் ஓட்டுவது என்பது இதுதான். எந்தக் கர்னலில் ஓடப்போகிறோம் என்பது ஏற்றும்போதுதான் தெரியும். ஆகவே அந்த எண்ணும் அப்போதுதான் பூட்டப்படுகிறது.

அப்படியானால் ஹார்ட்கோடுக்கு இடமே இல்லையா? தாராளமாக உண்டு. வெளியே அனுப்பும் செய்தியின் அமைப்பு, பிராசஸ் பெயருக்கான 16 பைட் இடம், 512 பைட் ஸ்டாக்குக்குள் அடங்க வேண்டிய பஃபரின் அளவு போன்றவை எழுதும்போதே தெரிந்தவை. அவற்றை மாற்றும்படி வைத்தால் குழப்பம்தான் மிஞ்சும். பிபிஎஃப்டிரேஸ் கருவியில் ஒரு வரி தட்டி, ஒரு பிராசஸைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு மூடுகிறீர்கள் என்றால், அந்த வரியிலேயே எண்ணை எழுதுங்கள், தவறே இல்லை. ஆனால் அதே வரியை ஃபைலில் சேமித்து இன்னொருவருக்குக் கொடுக்கும் அன்றே அந்த எண்ணை வெளியே எடுத்துவிடுங்கள். பிராசஸ் எண்கள் சுற்றிச் சுற்றி வருபவை. இன்று டேட்டாபேஸுக்கு இருந்த எண் நாளை யாரோ ஒருவரின் ஸ்கிரிப்டுக்குப் போயிருக்கும். கருவி பிழை காட்டாது, தவறான பிராசஸின் கணக்கை நம்பிக்கையோடு காட்டும்.

நண்பர்களே, இது வேகத்தைப் பற்றிய பேச்சு மட்டும் அல்ல. டிரேசிங் கருவியை எழுதுபவர் ஒருவர், அதை அவசரத்தில் கையில் எடுப்பவர் வேறொருவர். பின்னவர் சி நிரலைத் திறந்து, எண்ணைத் திருத்தி, கம்பைல் செய்து பார்க்கும் நிலையில் இருக்கமாட்டார். அவருக்குத் தெரிந்த எண்ணை அவர் சொல்ல ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தை அமைத்துக்கொடுப்பது எழுதுபவரின் கடமை. அவர் சொன்ன மதிப்பு மதிப்பாகவே இருக்க வேண்டும், ஒருபோதும் நிரலாக மாறக்கூடாது. அப்போதுதான் ஒருமுறை சோதித்து அனுப்பிய நிரல் எந்தச் சர்வரிலும் அதே நிரலாக இருக்கும்.

ஆகவே உங்கள் நிரலில் ஓர் எண்ணை எழுதக் கை போகும்போதெல்லாம் கேளுங்கள்: இது யாருக்குத் தெரியும், எப்போது தெரியும், அதன்பின் மாறுமா? எழுதும்போதே தெரிந்து மாறாது என்றால் நிரலில் எழுதுங்கள். ஏற்றும்போது தெரிந்து மாறாது என்றால் ரோடேட்டாவில் வையுங்கள். பொருத்தும் இடத்தைச் சார்ந்தது என்றால் குக்கியில் கொடுங்கள். ஓடும்போது மாறும் என்றால், அப்போது மட்டும், மேப்பில் வையுங்கள். கல்லூரியில் படிப்பவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடமும் தருகிறேன். எக்ஸ்ட்4ஸ்லோயரின் இரண்டு வடிவங்களும் பொதுவெளியில் மூல நிரலாகவே கிடைக்கின்றன. பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒவ்வொரு மதிப்பும் பழையதில் எங்கே பூட்டப்பட்டது, புதியதில் எங்கே பூட்டப்படுகிறது என்று குறித்துக்கொண்டு, அடுத்த நிரலை நீங்களே எழுதுங்கள்.